இந்த வண்டி உங்களுக்கு வேண்டாம் தம்பி

வண்டி பாக்க வந்தீகளா? வாங்க, உள்ள வாங்க. செருப்ப போட்டுக்கிட்டே வாங்க, வாசல் இன்னும் கூட்டல. எந்த ஊரு உங்களுக்கு? சங்கரங்கோயிலா? அம்புட்டுத் தூரத்துலருந்து இந்த ஓட்டை வண்டியப் பாக்கவா வந்தீக? போட்டோவப் பாத்து ஏமாந்துட்டீக தம்பி. போட்டோவுல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். என் கல்யாண போட்டோவுல நான்கூட நல்லாத்தான் இருக்கேன்.

விக்கிறதுக்கு போன்ல போட்டதே எனக்குத் தெரியாது. நீங்க வந்து கேட்டத் தட்டுனப்புறம்தான் எனக்கே தெரியுது. பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொன்னானா பாருங்க. வண்டி நிக்கிறது என் வீட்டுல. தொடைச்சு வைக்கிறது நானு. விக்கிறது மட்டும் அவன்.

அந்தா, சேலை போத்தி நிக்குதுல்ல, அதான். பாருங்க, நல்லாப் பாருங்க, நான் ஒண்ணும் வேண்டாங்கல. ஆனா மொதல்லயே சொல்லிர்றேன், இது உங்களுக்கு வேண்டாம். ராசியில்லாத வண்டி. இது வந்த நாள்ல இருந்து இந்த வீட்டுல ஒரு நல்லது நடக்கல. உக்காருங்க, மோர் தாரேன். வெயில்ல வந்திருக்கீக. குடிச்சுட்டு நான் சொல்றதக் கேட்டுட்டு, அப்புறமும் வேணும்னா உங்க இஷ்டம்.

என் மகன் பேரு தவசிலிங்கம். தவசின்னு கூப்பிடுவோம். எங்க வீட்டுக்காரரு போனப்புறம் எனக்கு அவன் ஒருத்தன்தான். மில்லுல வேலைக்குச் சேந்த புதுசுல சைக்கிள்லதான் போனான். 'எம்மா, செகண்ட்ல ஒரு வண்டி பாத்துக்கிறேன்'னான். சரின்னேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு ஒர்க்‌ஷாப்புல இது நின்னுச்சு. வண்டியப் பாக்கப் போனான். ஓட்டிப் பாக்கப் போனான். கார்ப்பரேட்டர் சரியில்லன்னு போனான். பிரேக்கு ஒயர் மாத்தணும்னு போனான். இவன் போற போக்கப் பாத்துட்டு, வண்டியில ஒரு சாமானும் உருப்படியா இல்ல போலன்னு நெனைச்சேன். அப்புறம்ல தெரிஞ்சுச்சு, வண்டி நல்லாத்தான் இருந்திருக்கு. ஒர்க்‌ஷாப்புக்காரர் மகள் காளீஸ்வரி அங்கன ஸ்பேனரும் கையுமா நின்னிருக்கா. வண்டி வாங்கப் போன எடத்துல பொண்டாட்டியையும் சேத்து ஓட்டிக்கிட்டு வந்துட்டான்.

நான் ஒண்ணும் சொல்லல தம்பி. ஒத்துக்கிட்டேன். கொஞ்ச நாள் சாப்பிடாம கெடந்தேன், அப்புறம் எங்க அண்ணன் வீட்டுல போயி இருந்தேன், அம்புட்டுத்தான். வேற ஒரு தொந்தரவும் அவுகளுக்கு நான் குடுத்ததில்ல.

அவளக் குத்தம் சொல்லணும்னு சொல்லல. வேலைக்குச் சளைச்சவ இல்ல. ஆனா என்ன வேலை செய்யுறான்னு பாக்கணும்ல? கோலம் போடச் சொன்னா கோணலாப் போடுவா. ரசம் வச்சா பாயசமா ரசமான்னு தெரியாது. வண்டிச் செயினு லூசா இருக்குன்னா மட்டும் சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு உக்காந்துருவா. ஞாயித்துக்கெழமை வந்தா அவ வாசல்ல உக்காந்து வண்டியக் கழட்டுறா, இவன் பக்கத்துல நின்னு டீ ஆத்திக் குடுக்கான். எங்க வீட்டுக்காரரு இருந்த வரைக்கும் அடுப்படிப் பக்கம் எட்டிப் பாத்ததில்ல. அவரு மகன் டீ ஆத்துறான். தெருவே பாக்குது. பெத்தவளுக்கு வயிறு எரியுமா எரியாதா? நீங்களே சொல்லுங்க.

சிரிக்காதீக. உங்களுக்கும் அம்மா இருப்பாக.

சரி, கதைக்கு வாரேன். போன கார்த்திகை மாசம் இங்க விடாம மழை. மலைப்பக்கம்ல, பிடிச்சா லேசுல விடாது. அப்பத்தான் இந்த முன்லைட்டுக்குள்ள தண்ணி எறங்கிருச்சு. கண்ணாடிக்கு உள்பக்கமா ஆவி படிஞ்சு, முத்து முத்தா தண்ணி நின்னுச்சு. இவனுக்கு ரெண்டாவது ஷிப்டு. முடிச்சு வரும்போது கண்மாய்க்கரை ரோடு கும்மிருட்டா இருக்கும். 'லைட்டு மங்குதும்மா, எதுக்க வாரது தெரிய மாட்டேங்குது'ன்னான். ஒர்க்‌ஷாப்புல குடுடான்னேன் நான். நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க தம்பி, ஒர்க்‌ஷாப்புல குடுன்னு சொன்னவ நான்.

அவதான், 'எதுக்குங்க, சுத்தி ஒட்டியிருக்க பசை செத்துப்போச்சு, அதான் தண்ணி எறங்குது. கண்ணாடியக் கழட்டி, சுத்தம் பண்ணி, புதுப் பசை வச்சு ஒட்டிட்டாப் போதும். நானே பண்ணிர்றேன்'னா. இவனும் தலைய ஆட்டிட்டான். அவ எது சொன்னாலும் ஆட்டுறதுக்குன்னே ஒரு தலை.

மறுநா காலையில பல்லு வெளக்கிட்டு வாரேன், அடுப்படியில என்னமோ நாத்தம். என்னடான்னு பாத்தா, என் இட்லிச் சட்டி அடுப்புல இருக்கு. தட்டெல்லாம் எடுத்துக் கீழ வச்சுட்டு, உள்ள மணலக் கொட்டி, அதுக்கு மேல ஒரு இரும்புப் பிரிமணையப் போட்டு, அது மேல இந்த லைட்ட உக்கார வச்சு மூடியிருக்கா! சூடு ஏறுனாத்தான் பழைய பசை இளகுமாம். கேக்கு சுடுற மாதிரி சுட்டு எடுக்கணுமாம். 'அத்தை, நல்லாக் கழுவிக் குடுத்துர்றேன் அத்தை'ங்கிறா. என் மாமியா வச்சுட்டுப் போன சட்டி தம்பி அது. எத்தனை தீவாளிக்கு இட்லி அவிச்ச சட்டி. அதுல ரோட்டுத் தூசியும் செத்த பூச்சியுமா ஒரு லைட்டு வேகுது. நான் வாயத் தொறக்கல. தெருவுக்கு வந்து எதுத்த வீட்டம்மாகிட்ட மட்டும் சொன்னேன். அவுக பத்து பேருகிட்ட சொன்னா அதுக்கு நானா பொறுப்பு?

சுட்டு எடுத்து, ஓரத்துல திருப்புளிய விட்டு, மெல்ல மெல்ல நெம்பி, கண்ணாடியத் தனியா எடுத்துட்டா. பரவால்ல, ஒடைக்காமத்தான் எடுத்தா. உள்ள கிண்ணம் மாதிரி ஒண்ணு இருக்கும்ல, பளபளன்னு, ரிப்ளெக்டருன்னு என்னமோ சொல்லுவாளே, அது. அத முத்தத்துல பேப்பர விரிச்சு வச்சா. வச்சுட்டு, 'அத்தை, நான் பஜார்ல போயி பசை வாங்கிட்டு வாரேன். இதைத் தொட்றாதீக. துணிகூடப் படக்கூடாது. வந்து நான் ஊதி எடுத்துக்கிறேன்'னா.

ஊதி எடுக்கப்போறாளாம். கேட்டீகளா? நாலு வருஷத்து அழுக்கு, ஊதுனாப் போகுமா?

மறுநா திருக்கார்த்திகை. வீட்டுல இருக்க வெளக்கெல்லாம் எடுத்து முத்தத்துல போட்டு நான் தேச்சுக்கிட்டு இருந்தேன். குத்துவெளக்கு, காமாட்சி வெளக்கு, தூபக்கால், எல்லாம். இந்தத் தெருவுல வந்து யாருகிட்ட வேணும்னாலும் கேளுங்க, வெளக்குத் துலக்குறதுல என்னைய அடிச்சுக்க ஆளு கெடையாது. புளியக் கரைச்சு ஒரு தேய்ப்பு, விபூதியப் போட்டு ஒரு தேய்ப்பு. மொகம் பாத்துப் பொட்டு வச்சுக்கலாம். கோயில் வெளக்கே என்கிட்டதான் வரும். பக்கத்துல அந்தக் கிண்ணம் கெடக்கு. அங்கங்க கறை, மூலையில துரு மாதிரி. எனக்கும் மனசு கேக்கல. என்ன இருந்தாலும் என் மகன் போற வண்டி. அவன் வழி தெரிஞ்சு வீடு வந்து சேரணும். நானும் ஒரு வெளக்கத்தானே தொட்டேன்? எடுத்து, புளியப் போட்டு நல்லா அழுத்தித் தேச்சேன்.

யப்பா, என்னா அழுக்கு! கருகருன்னு தண்ணி வந்துச்சு. விபூதியப் போட்டு இன்னொரு தடவ. கையெல்லாம் சாம்பக் கலர்ல மினுமினுன்னு ஒட்டுச்சு. அம்புட்டும் அழுக்கு. அழுக்கு எல்லாம் போனப்புறம் அடியில மஞ்சளா தெரிஞ்சுச்சு பாருங்க, பித்தளை மாதிரி, அதான் அதோட அசல் நெறம். கழுவி, வெயில்ல காய வச்சு, வெளக்கோட வெளக்கா வரிசையில வச்சேன். ஒரு பொட்டும் வச்சேன்.

வந்தா. பாத்தா. பசை டியூப்ப கையில பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னா. நல்லாருக்கு அத்தைன்னு ஒரு வார்த்தை வரல. எனக்கு ஒரு வாய் வார்த்தைதான் வேணும் தம்பி, வேற என்ன கேட்டேன்? கிண்ணத்த எடுத்து வெளிச்சத்துல இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்துட்டு, மெதுவா, 'அத்தை, இத இனிமே மாட்டக் கூடாது. வேற புதுசு வாங்கித்தான் மாட்டணும்'ங்கிறா.

எனக்கு எப்படி இருக்கும்? அவ இட்லிச் சட்டியில சுட்டாலும் அது நல்லாருக்கு. நான் ஒரு தடவ தொட்டதும் அது ஆகாமப் போச்சு. நான் தொட்டது ஆகாதா? நான் வளத்த பிள்ளை மட்டும் ஆகுமா? கேட்டேன். அழுதுக்கிட்டே கேட்டேன். அவன் சாப்பிட வந்த நேரம். தட்டுல சோறு கெடக்கு. 'டேய், ஒம் பொண்டாட்டி, நான் தொட்டதத் தூக்கிக் குப்பையில போடணுங்கிறாடா'ன்னேன். அவ, 'அப்படிச் சொல்லலங்க, வெளிச்சம் விழாதுங்க, கண்மாய்க்கரையில வரணும்ங்க'ன்னா. அவன் அவ மொகத்தப் பாத்தான், என் மொகத்தப் பாத்தான். பாவம், மெலிஞ்சுபோன மொகம். 'இப்போதைக்கு இதையே ஒட்டி மாட்டு காளி. சம்பளம் வரவும் மாத்திக்கலாம். அம்மா மனசு நோகுது'ன்னான்.

அன்னைக்கு எனக்கு எம்புட்டுச் சந்தோசம் தெரியுமா? கல்யாணமான நாளா அன்னைக்கு ஒரு நாள்தான் அவன் என் பக்கம் நின்னான். கார்த்திகைக்கு நான் வாங்கி வச்சிருந்த பொரியில ரெண்டு பங்கு பொரி உருண்டை பிடிச்சேன்.

அவதான் ஒட்டுனா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். ஓரத்துல இருந்த பழைய பசையச் சொரண்டி எடுத்து, புதுசச் சுத்தி இழுத்து, வெரலால தடவி, கண்ணாடிய வச்சு அமுக்கி, பழைய டயர் டியூப்ப அறுத்துச் சுத்திக் கட்டி ஒரு நா பூராத் தனியா வச்சா. ஒட்டுனதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. இன்னைக்கு வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி உள்ள எறங்கல, நீங்களே பாருங்க. ஆனா மாட்டிட்டு சுவிச்சுப் போட்டா, லைட்டு எரியுது, வெளிச்சந்தான் விழல. டயருக்கு முன்னாடி ஒரு மஞ்சத் தண்ணி ஊத்துன மாதிரி கெடக்கு. பசையில கோளாறு. அவ சுட்ட சூட்டுல கோளாறு. வேற என்ன இருக்கும்? சூடு தாங்காமத்தான் உள்ள என்னமோ போயிருக்கு.

'பஸ்ல போயிட்டு வாங்க, இல்ல மெயின் ரோட்டச் சுத்தி வாங்க'ன்னு அவனுக்குச் சொல்லிக்கிட்டே இருந்தா. வாசல்ல நின்னு தெனமும் அதே பேச்சு. வெளிய போற ஆம்பளைய வாசல்ல மறிச்சு அபசகுனமாப் பேசுனா வெளங்குமா? நான்தான், 'நீ போடா, ஒண்ணும் ஆகாது. அம்மா துலக்கின வெளக்கு'ன்னு சொல்லி அனுப்புவேன்.

அந்தச் சனியன் பிடிச்ச கரும்பு டிராக்டரு. டயரு பஞ்சராகி கண்மாய்க்கரையில நிப்பாட்டிட்டு டிரைவரு போயிட்டான். பின்னாடி ஒரு சிவப்புத் துணிகூடக் கட்டல. கிட்டத்துல போற வரைக்கும் அவனுக்குத் தெரியவே இல்லையாம். கடைசி நேரத்துல வளைச்சதுல வண்டி சறுக்கி அவன் மேலயே விழுந்துருச்சாம். மில்லுக்காரப் பயலுக வந்து சொன்னாக. கால் தம்பி. வலது கால். தொடையில கம்பி வச்சிருக்காக.

ஆஸ்பத்திரியில வச்சு நான் அவள விட்டேனா? வார்டுல இருந்தவுக பூரா எந்திருச்சு நின்னு பாத்தாக. 'லைட்டக் கழட்டி எம் பிள்ளையக் கொன்னுட்டியேடி'ன்னு கத்தினேன். அவ பேசல. பேசுனா பதில் சொல்லலாம், பேசாதவளோட எப்படிச் சண்டை போடுறது? அவனுக்கு அப்பத்தான் மயக்கம் தெளிஞ்சிருந்துச்சு. நான் அவன் தலையத் தடவிக்கிட்டே, 'நான் எம்புட்டு அழகா புளி போட்டுத் துலக்கிக் குடுத்தேன் தெரியுமாய்யா, நீ நல்லா வரணும்னு எம்புட்டு அழுத்தித் தேச்சேன் தெரியுமா, எல்லாத்தையும் இவ கெடுத்துட்டாளே'ன்னேன். 'என்னத்தப் போட்டுத் தேச்ச?'ன்னான். 'புளிதான்யா. புளியும் விபூதியும்'னேன். அவன் அவளத்தான் பாத்தான். அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. துலக்குனது எதுலன்னு அவ அவன்கிட்ட அது வரைக்கும் சொல்லவே இல்லையாம். நல்லத மறைக்கிறா பாருங்க.

அவன் அதுக்கப்புறம் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தான். இன்னைக்கு வரைக்கும் திரும்பல.

ஆஸ்பத்திரியில இருந்து நேரா மாமனார் வீட்டுக்குப் போயிட்டான். நான் இங்க கட்டிலு போட்டு, பாத்ரூம்ல பிடிமானத்துக்குக் கம்பி வச்சு, ஆட்டுக்காலு வாங்கிச் சூப்பு வச்சு உக்காந்திருந்தேன். வரல. போன் போட்டா அவதான் எடுக்கா, 'தூங்குறாங்க அத்தை'ங்கிறா. எந்நேரமுமா ஒரு மனுசன் தூங்குவான்? துணிமணியெல்லாம் ஆள விட்டு எடுத்துக்கிட்டான். வண்டி மட்டுந்தான் இங்க நிக்குது. மில்லுக்காரங்க கொண்டாந்து போட்டது. சரி, வண்டிக்காவது ஒரு நா வருவான்னு நான் இருக்கேன். தெனம் காலையில தொடைக்கிறேன். மழை படாம, வெயில் படாம என் சேலையப் போத்தி வச்சிருக்கேன். அவன் சாமான் இந்த வீட்டுல இது ஒண்ணுதான் தம்பி இருக்கு. இதையும் நீங்க ஓட்டிட்டுப் போயிட்டா அவன் எதுக்கு வருவான்? சொல்லுங்க, எதுக்கு வருவான்?

என்ன தம்பி, சேலைய வெலக்கிட்டு, குனிஞ்சு லைட்டையே பாக்குறீக? என்னது? வெள்ளிப் பூச்சு பூராப் போயிருச்சா? அந்தப் பூச்சுதான் வெளிச்சத்த எறியுமா? தேச்சா போயிருமா?

அவளும் இதத்தான் சொன்னா. நீங்க என்ன, அவுக சொந்தமா? வெளக்கத் துலக்குனா வெளிச்சம் கூடும்யா. இத்தன வருசமா துலக்குறேன், எந்த வெளக்காவது என் கைபட்டு மங்குச்சா? படிச்ச பிள்ளை மாதிரி இருக்கீக, இப்படிப் பேசுறீக.

பரவால்லயா? அத மட்டும் மாத்திக்கிருவீகளா? இல்ல தம்பி, எஞ்சினும் சரியில்ல. ஓடாது. பொகையா கக்கும். அப்புறம் அந்த டிராக்டர் மேல கேஸு வேற நடக்கு, போலீஸு வந்து வண்டியக் கேப்பாக. பெட்ரோல் டேங்கு ஓட்டை. நெசமாத்தான் சொல்றேன்.

சாவியா? சாவி என்கிட்ட இல்ல. அவன நேர்ல வரச் சொல்லுங்க. வண்டிக்காரன் அவன்தானே, அவன் வந்து, இந்த வாசல்ல நின்னு, அவன் கையால குடுக்கட்டும். போன் போடுங்க, இப்பவே போடுங்க, அம்மா சாவி தர மாட்டேங்குறாகன்னு சொல்லுங்க. எடுத்துட்டானா? என்ன சொல்றான்? என்ன தம்பி சொல்றான்?

தெருமுனையிலயா?

எந்தத் தெருமுனை? இந்தத் தெருமுனையா? பிள்ளையார் கோயில் பக்கமா? உங்க வண்டியிலதான் பின்னாடி உக்காந்து வந்தானா? வீட்டக் கையக் காட்டிட்டு, அங்கனயே எறங்கிக்கிட்டானா? நீங்க போங்க, நான் வரலன்னானா?

சாவி இன்னொண்ணு அவன்கிட்ட இருக்கா.

இருங்க. அது எதுக்கு? நீங்க ஒரு தடவ அங்க போயி, ஒரு தடவ இங்க வந்து. இந்தாங்க. இந்தா, என் இடுப்புலதான் இருக்கு சாவி. பிடிங்க. சேலைய நான் எடுத்துக்கிறேன். ஸ்டாண்டு கொஞ்சம் எறுக்கமா இருக்கும், மிதிச்சு எடுங்க.

தம்பி, ஒண்ணே ஒண்ணு. உங்க வண்டியில இருந்து எறங்குனான்ல, எறங்கி ரெண்டு எட்டு நடந்திருப்பான்ல. கால எப்படி வைக்கிறான்? சாய்ச்சா நடக்குறான்?

சாய்ச்சுத்தானா.

சரி. போங்க, மெதுவா உருட்டிட்டுப் போங்க. எல்லாம் அவ அந்த லைட்டக் கழட்டுனதால வந்தது, வேற ஒண்ணுமில்ல. அங்க போனதும் அவன் கேட்டான்னா, ஒங்கம்மா ஒண்ணும் விசாரிக்கலன்னு சொல்லிருங்க.

கேப்பான்ல தம்பி?